ஒரு மதிப்பெண் வினா

ஐஸ்லாந்து இறையாண்மை பெற்ற ஆண்டு எது?
அ) 1874  ஆ) 1904  இ) 1918  ஈ) 1944

யோசிக்க அரை நிமிடம் தருவார்கள்.
எனக்குப் போதவில்லை.

முதலில் ஒரு கணக்கு.
1915-இல் சட்டம் சொன்னது:
பெண்களும் பண்ணைக் கூலிகளும் இனி வாக்களிக்கலாம்,
நாற்பது வயது நிரம்பியிருந்தால்.
ஆண்டுக்கு ஒரு வயதாக வரம்பு இறங்கும்.
ஆல்ஃப்தவேரில் பால் கறக்கும் ஒட்னிக்கு
அப்போது முப்பத்தாறு.
அவளுக்கு ஓட்டு எப்போது?

"நாலு வருஷம்" என்றான் பண்ணைக்காரன் ஸ்வெய்ன்,
கணக்கில் புலி என்று பெயரெடுத்தவன்.
பசு வாலை வீசி ஒட்னியின் கன்னத்தில் அடித்தது.
கறப்பதை நிறுத்தாமல் சொன்னாள்:
"இரண்டு.
நான் ஒரு படி ஏறும்போது
அதுவும் ஒரு படி இறங்குகிறதே."

அதே ஆண்டு ஜெர்மனியில் ஒருவர்
கண்டங்கள் நகர்கின்றன என்று அச்சிட்டு வைத்தார்.
படித்தவர்கள் சிரித்தார்கள்.
ஒட்னியின் நாடோ
கிழக்கும் மேற்குமாகப் பிரிந்துகொண்டிருந்தது,
ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர்,
கால் நகம் வளரும் வேகத்தில்.

முப்பத்தேழு, முப்பத்தொன்பது.
முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு.
வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் ஏறியது,
தந்தை பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
திருத்தக் கேட்டால்
மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்களோ என்று
பேசாமல் இருந்துவிட்டாள்.

1918, அக்டோபர் பன்னிரண்டு, பிற்பகல்.
கட்லா வெடித்தது.
எரிமலை என்றால் கூம்பு வரைந்து
உச்சியில் சிவப்பு அடிப்போம் நாம்.
இது பனியாற்றுக்கு அடியில் படுத்திருப்பது.
முதலில் வந்தது தண்ணீர்.
வீடளவு பனிப்பாளங்களை உருட்டிக்கொண்டு
கறுப்பு மணல்வெளி முழுக்கத் தண்ணீர்.
ஆடு ஓட்டப் போனவர்கள்
குதிரையேறித் தப்பினார்கள்.
ஆடுகளுக்கு ஏது குதிரை.

அப்புறம் சாம்பல்.
பால் வடிகட்டும் துணியில், பசுவின் இமையில்,
ரொட்டியைக் கடித்தால் நறநறவென்று.
நண்பகலில் கையை நீட்டினால்
விரல் காணவில்லை.

பத்தொன்பதாம் தேதி வாக்கெடுப்பு.
டென்மார்க்கோடு புது ஒப்பந்தம்:
நாடு தனி, மன்னர் பொது.
ஆம், அல்லது இல்லை.

"புல்லே சாம்பலுக்கு அடியில் கிடக்கிறது,
இறையாண்மையை மாடு தின்னுமா?"
ஸ்வெய்ன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.
ஒட்னி பாலை மூடி வைத்தாள்.
ஈரத்துணியை மூக்கில் கட்டினாள்.
வேலிக் கம்பியைப் பிடித்தபடி
பாதி வழி.
வேலி முடிந்த இடத்தில்
லாந்தரை முழங்காலுக்குத் தாழ்த்தி
முன்னால் போன யாரோ ஒருவரின்
குளம்படித் தடத்தைத் தேடினாள்.
இருந்தது. ஒன்றே ஒன்று.

சாவடியில் ப்ராண்டுர்
பதிவேட்டை ஊதி ஊதிப் புரட்டினார்.
"இதில் பெயர் வேறுமாதிரி இருக்கிறதே?"
"அந்தப் பிழை நான்தான்" என்றாள்.

எதற்குப் பெருக்கல் குறி போட்டாள் என்று
கேட்காதீர்கள்.
ரகசிய வாக்கெடுப்பு:
குடிமையியல், பாடம் ஏழு.
கட்டைவிரல் ரேகை மட்டும்
சீட்டின் ஓரத்தில் சாம்பலாகப் பதிந்துவிட்டது.
ப்ராண்டுர் பார்த்தார்.
செல்லாத ஓட்டா என்று விதியைத் தேடினார்.
எரிமலை பற்றி விதியில் ஒன்றும் இல்லை.
பெட்டிக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளம் கொண்டுவந்த மணலில்
தென்கரை கிலோமீட்டர் கணக்கில்
கடலுக்குள் நீண்டிருந்தது.
யாரும் வாக்களிக்காமலே நாடு வளர்ந்தது.
கொடுத்ததைக் கடல் பிறகு
அரித்தரித்து வாங்கிக்கொண்டது.

டிசம்பர் முதல் நாள் கொடி ஏறியது.
தலைநகரில் விஷக்காய்ச்சல்;
கைதட்ட வந்தவர்கள் கொஞ்சம் பேர்.
செய்தி ஆல்ஃப்தவேருக்கு வந்து சேர்ந்தபோது
ஒட்னி கறந்துகொண்டிருந்தாள்.
பால் இன்னும் லேசாக நறநறத்தது.

விடை: இ.