எந்தப் பக்கம்

ஊசி பாதியில் நிற்க வேண்டும்.
தீவு விரைவுச்சாலையில் தோ பாயோ தாண்டியதும்
சிவப்புக் கோட்டை முகர்ந்து பார்க்கக் கிளம்பிவிடும்.

ஹீட்டரைப் போடு, என்றான் கூட வேலை பார்க்கும் கிம் செங்,
எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும்.
ஒன்பது ஆண்டில் நான் தொட்டேயிராத குமிழ்.
இந்த ஊரில் அதை எதற்கு வைத்தார்களோ.
மதியம் இரண்டு மணிக்கு
நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு
முழங்காலில் அனல் அடிக்க அடிக்க
யூனோஸ் வரை ஓட்டினேன்.
பக்கத்துத் தடத்தில் பள்ளிப் பேருந்து;
ஒரு பையன் என்னைக் காட்டி இன்னொருவனை எழுப்பினான்.
ஆவிக்கூடையில் வைத்த பாவ் மாதிரி இருக்கிறது என்று
பூங்கோதை பின் இருக்கைக்குப் போய்விட்டாள்.

காக்கி புக்கிட், மூன்றாம் தளம்.
ஜுனைடி முதலில் எதையும் தொடவில்லை. கேட்டான்.
ஓடும்போதா, நிற்கும்போதா?
தண்ணீர் குறைகிறதா?
காலையில் புகை வெள்ளையா?
கடைசியாக,
இதற்கு முன்னால் யாராவது எதையாவது மாற்றினார்களா?

இல்லை என்றேன்.
கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டேன்.

ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடித்தது.
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி
கோப்பிக்கு வைத்திருந்த மின்கெண்டியில் போட்டான்;
எண்பத்திரண்டு டிகிரியில் சிப்பி போல வாய் திறந்தது.
பிறகு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம்.
ரேடியேட்டர் வாயில் அதைச் செருகிக் காத்திருந்தோம்.
மஞ்சளானால் கேஸ்கட் போயிற்று,
மஞ்சளானால் மூவாயிரம் வெள்ளி.
உரிமம் இன்னும் பதினான்கு மாதம்தான்,
அதற்கு மூவாயிரமா என்று
மனத்துக்குள் காரைப் பழைய இரும்புக்கு அனுப்பி
பேருந்து அட்டையில் பணமும் போட்டுவிட்டேன்.

நீலம் நீலமாகவே இருந்தது.

காற்றாடி சுற்றுகிறது, என்றேன் நானாகவே.
நன்றாகவே சுற்றுகிறது.
ஏசியை அணைத்தால்?
இறங்கிவிடும்.
நெரிசலில்?
ஏறும்.
எண்பதில் போனால்?
அப்போதும் ஏறும். அதுதான் புரியவில்லை.
அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

கால்சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ பொட்டலம்,
உணவங்காடியில் மேசை பிடிக்கப் போடுவோமே, அதே.
ஒரு தாளை உருவி
முகப்புக் கம்பிவலைமேல் வைத்தான்.
ஒட்டிக்கொள்ள வேண்டும்.
எஞ்சின் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும்.
தாள் துள்ளி என் சட்டையில் வந்து விழுந்தது.
இன்னொன்று வைத்தான். அதுவும்.

சுற்றுகிறதா என்று எல்லாரும் பார்த்தோம்.

உள்ளே இருக்கும் அனலையெல்லாம் வாரி
முன்னால் துப்பிக்கொண்டிருந்தது அது,
எண்பதில் ஓடிவந்த காற்றை
வாசலிலேயே மறித்து வம்பு வளர்த்தபடி.
ஐந்து மாதமாக. கடும் உழைப்பு.

ஜுனைடி கை விட்டு ஒயரைத் தேடினான்.
கறுப்பு நாடா சுற்றிய தடித்த முடிச்சு ஒன்று.
பட்டறையில் யாரும் இப்படிச் சுற்றமாட்டார்கள், என்றான்
யாரிடமும் இல்லாமல்.
பூங்கோதை கூரையைப் பார்த்தாள்.

மார்ச் மாதம். ஈசூன்.
அடுக்குக் கார்நிறுத்தத்தின் மொட்டைத் தளம்.
இணையத்தில் வாங்கிய மோட்டார், பொருந்தாத முனை.
வெட்டி ஒட்டினால் நூற்றெண்பது வெள்ளி மிச்சம்.
இரண்டு ஒயர், இரண்டே இரண்டு.
அவள்தான் விளக்குப் பிடித்தாள்.
எது எதோடு சேர வேண்டும் என்று பார்த்தாயா, என்று கேட்டாள்.
தெரியும் என்றேன்.

பத்து நிமிட வேலை.
மூன்றாவது தாள் சப்பென்று ஒட்டி
அங்கேயே நின்றது.
சோதனைக்கு அறுபது, ஒயருக்கு வேண்டாம், என்றான் ஜுனைடி.
வேண்டாம் என்றது உறைத்தது.

திரும்பும் வழியெல்லாம் ஊசி பாதியில்.
பார், பாதியில் நிற்கிறது, என்றேன்.
ஏசி ஜில்லென்று வருகிறது, என்றேன்.
சிராங்கூன், பிராடல், அங் மோ கியோ
எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று சொன்னேன்.

பூங்கோதை இன்னும் பின் இருக்கையில்தான்.