வலது முன்சக்கரத்துக்கு

அந்தனானரிவோவைச் சுருக்கித் தானா என்போம்.
தானாவில் எதுவும் தானாய் நிற்பதில்லை.
அம்புஹிஜாத்துவுச் சரிவில்
ஆரஞ்சுப் பழம் கைதவறினால்
மூன்று பேருந்துக்கு அடியில் புகுந்து
ஏரிக்கரைக்குப் போய்த்தான் மூச்சுவிடும்.

என் கத்ரெல், ரெனோ நான்கு,
பாலாடை நிறத்து டாக்ஸி,
என்னைவிட ஆறு வயது மூத்தது.
காலடியில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல்.
இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடுவேன்,
மிச்சமாவது அரைக்கிலோ அரிசி.
மலை இறங்குவது முழுக்க
பிரேக்கின் தயவு.

வலது முன்சக்கரத்தில் சிலிண்டர் கசிந்தது.
முதலில் வியர்வை மாதிரி,
பிறகு டிரம்முக்குள் ஊற்று.
மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது
கோபித்துக்கொண்ட மாடுபோல.

மமிசுவா பிஸ்டனை வெளியே தள்ளி
விளக்கருகே பிடித்துப் பார்த்தான்.
உள்சுவரெங்கும் துருவின் அம்மைத்தழும்பு.
"மெருகேற்றினால் ஒரு மாதம் ஓடும்.
அதற்குமேல் உன் ஆயுசு,
என்னைக் கேட்காதே."

இசுத்ரிச் சந்தையில்
தார்ப்பாய் தார்ப்பாயாய்க் குனிந்தேன்.
பெஜோவுடையது இருக்கிறது.
சீனத்து ரப்பர் வாஷர் இருக்கிறது,
ஒரு மில்லிமீட்டர் பெரிசு.
"போகப் போகப் படிந்துவிடும்" என்றான் ஒருவன்.
செருப்பா இது, கடித்துப் படிய?
இன்னொருவன் பிரெஞ்சு எழுத்துப் போட்ட
பழைய அட்டைப்பெட்டியை எடுத்தான்.
நெஞ்சு அடித்துக்கொண்டது.
உள்ளே அவன் சாப்பாட்டுக் கரண்டிகள்.
ரெயூனியனில் இருக்கும் மச்சானிடம் விலை கேட்டேன்.
சொன்னான்.
உடம்பெல்லாம் எப்படி என்று விசாரித்து
ஃபோனை வைத்துவிட்டேன்.

பதினோரு நாள் வண்டி நின்றது
பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லோடு.
இந்த நகரத்தில் நான் நம்பிய ஒரே பிரேக்
அந்தக் கல்தான்.

பன்னிரண்டாம் நாள் மமிசுவா
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
எத்மோனின் வண்டி கிடக்கிறது.

எத்மோனைத் தெரியும்.
அனலக்கேலி நிறுத்தத்தில்
வரிசையில் புகுந்து சவாரி பிடிப்பவன்.
அவன் அம்மாவை இழுத்து ஒருமுறை திட்டியிருக்கிறேன்.
போன மாதம் அவன் கத்ரெல்
படிக்கட்டுச் சந்தில் இறங்கிவிட்டது,
நாற்பது படி.
இடுப்பெலும்பு மூன்று துண்டு.

வாத்துகளுக்கு நடுவே நெளிந்து கிடந்தது.
நட்டில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன்.
அறுந்தது பின்பக்கத்துப் பைப்;
ஒரே சுற்று எண்ணெய் என்பதால்
ஒரு முனை போனால் நான்கும் போச்சு.
முன்பக்கம் பழுதில்லை.
கழன்று வந்த சிலிண்டர்
வாத்துமுட்டை மாதிரி உள்ளங்கையை நிறைத்தது.

அவன் மனைவி வுலுலுனா பார்த்துக்கொண்டே நின்றாள்.
"இது வேலை செய்ததா?"
"இது தயாராகத்தான் இருந்தது, அக்கா.
எண்ணெய்தான் இதுவரை வரவில்லை."
விலை கேட்டேன்.
"மாட்டிக்கொண்டு வா. ஆஸ்பத்திரியில் என்னை விடு.
பஸ்ஸில் ருமசாவா சிந்திவிடுகிறது."

மமிசுவா மிதிக்க, நான் நிப்பிளைத் திறக்க,
குமிழ், குமிழ், எச்சில் மாதிரி நுரை,
பிறகு வெறும் எண்ணெய்.

சரிவின் உச்சியில்
சாவிக்குக் கை போனது.
அணைக்கவில்லை. அரிசி போகட்டும்.
அவள் மடியில் தூக்குவாளி.
ஜக்கராண்டாப் பூ மிதிபட்டு வழுக்கும்
கல்பாவிய வளைவில் நான் மிதித்தேன்.
பக்கத்தில் தரைத்தகட்டில்
டக்கென்று ஒரு சத்தம்.
அவள் வலதுகாலும் மிதித்திருந்தது
இல்லாத பெடலை.
வண்டி எப்பக்கமும் இழுக்காமல் நின்றது.
கீரைச்சாறு விளிம்புவரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அடுத்த வளைவிலும் மிதித்தாள்.
வாசல்வரை ஒன்பது தடவை.

இறங்கியபின் குனிந்து சொன்னாள்:
"எதைக் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லமாட்டேன்.
மறுபடி வரிசையில் புகுந்தால்
கொஞ்சம் விட்டுக்கொடு."

இந்தக் கதவை இரண்டுமுறை சாத்த வேண்டும்.
புதுச் சவாரிகளுக்குத் தெரியாது,
கத்திச் சொல்வேன்.
அவள் இரண்டுமுறை சாத்தினாள்.