இடது பக்கம் பாருங்கள்

பூசான் ரயில் நிலைய வாசலில்
மாடி திறந்த சிவப்பு பஸ்.
எங்கும் இறங்கலாம், எங்கும் ஏறலாம்,
பொழுது சாயும்வரை ஒரே டிக்கெட்.
டிரைவர் நா கியூ-தெக் கையுறையைக் கழற்றாமலே
மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டுகிறார்.
"ஹெட்போன் வேண்டுமா? இலவசம்தான்.
கொரிய மொழிக்கு இரண்டாம் எண்."

வாங்கிக்கொண்டேன்.
அதில் பேசுகிறவள் நான்தான் என்று சொல்லவில்லை.

பன்னிரண்டு வருடம் ஆயிற்று.
தேஜோனில், ஒரு பல் மருத்துவமனைக்குக் கீழே
நிலவறையில் ஒலிக்கூடம்.
மேலே பல் குடையும் சத்தம் ஓயக் காத்திருந்து
வாக்கியம் வாக்கியமாகப் பதிந்தோம்.
சன்னல் கிடையாது.
சுவரெல்லாம் முட்டை அட்டை மாதிரி சாம்பல் நிறப் பஞ்சு.
அந்தப் பஞ்சைப் பார்த்துத்தான் சொன்னேன்:
"இடது பக்கம் பாருங்கள்,
கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கடல்."
என் இடது பக்கத்தில் இருந்தவை
ஒரு தண்ணீர்க் குவளை,
தொண்டைக்கு இஞ்சி மிட்டாய் இரண்டு.

பூசானுக்கு அதுவரை வந்ததில்லை,
அதற்குப் பிறகும்.
கூலி மறுவாரம் வந்தது.
மாடிப்படி ஏறி, அதே மருத்துவமனையில்
கடைவாய்ப் பல்லுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது காதுக்குள் அவள் வணக்கம் சொல்கிறாள்.
முப்பத்துநாலு வயதுக்காரி.
அவளுக்கு இன்னும் எதுவுமே நடக்கவில்லை.
மீன் சந்தைக்கு முன்னால்
"அழகு" என்ற சொல்லில் லேசாகச் சளி கட்டியிருக்கிறது.
எனக்கு மட்டும் தெரியும்.

முன் இருக்கையில் உல்சானிலிருந்து ஒரு தம்பதி.
ஒரு ஹெட்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டு,
ஆரஞ்சு உரித்து,
தோலை அவர் தொப்பிக்குள் சேர்க்கிறாள் மனைவி.
"எவ்வளவு ஆசையாகச் சொல்கிறாள் பாருங்கள்,
இந்த ஊரிலேயே பிறந்தவளாக இருக்கும்" என்கிறாள்.
காதால் கேட்பதும் பொய் என்று சொன்னவர்
எந்த ஒலிக்கூடத்தில் வேலை பார்த்தாரோ.

பாலம் கடந்தோம். காற்று
பேச்சின் பாதியைப் பிடுங்கிக்கொண்டது.
பிறகு கரையோரச் சாலை.

"இடது பக்கம் பாருங்கள்,
கண்ணுக்கு எட்டிய தூரம்வரை"

மாடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினோம்,
நானும்தான்.
இடது பக்கம்
பதினைந்து மாடிக் குடியிருப்பு.
நம் உயரத்துக்கு நேராக, மூன்றாம் மாடிப் பால்கனியில்
தலையில் சுருட்டுக் கவ்விகளோடு ஒருத்தி
பூப்போட்ட கம்பளியைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தாள்.
சிவப்பு விளக்கு. பஸ் நின்றது.
இருபது முகம் அவளைப் பார்க்க,
அவள் எங்களைப் பார்க்க,
என் குரல் சொல்லி முடித்தது:
"கடல்.
இதைக் காணாமல் ஊர் திரும்பாதீர்கள்."

அவள் கம்பைத் தாழ்த்தி,
கூச்சத்தோடு தலை வணங்கினாள்.
உல்சான்காரர் பதிலுக்கு வணங்க,
ஆரஞ்சுத் தோல் மடியில் கொட்டியது.
யாரோ சிரித்தார்கள். பிறகுதான் ஒவ்வொருவராக
வலது பக்கம் திரும்பினார்கள்.
அங்கே அது பாட்டுக்குக் கிடந்தது கடல்,
யாரும் கூப்பிடாமல்.

இறங்கும்போது டிரைவரிடம் கேட்டேன்.
"பாதையைத் திருப்பிப் போட்டு நாலு வருடம் ஆகிறது.
குரலை மாற்றக் காசு இல்லையாம்.
இதுவரை யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை."
என்னை ஒரு முறை உற்றுப் பார்த்தார்.
"உங்கள் பேச்சு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?"

"இருக்காது" என்றேன், சளி கட்டிய தொண்டையோடு.

டிக்கெட் இன்னும் செல்லும்.
அடுத்த பஸ் நாற்பது நிமிடத்தில்.
ஏறினேன். ஹெட்போன் வாங்கவில்லை.
இடது பக்க ஓரம் பார்த்து உட்கார்ந்தேன்.

கம்பளி மட்டும் கம்பியில் தொங்கியது.
அவள் உள்ளே போயிருந்தாள்.
பச்சை விளக்கு எரிந்தது.