பதினொன்றாவது கட்டம்

எதிர்காலக் கனவு என்ன என்று கேட்கிறது படிவம்.
ஒரு வரிதான் இடம்.

நான் ம்விலா. சம்ஃப்யாவில், ஏரிக்கரையில்,
தகரக்கூரைப் பள்ளிக்குக் கணக்கு எழுதுபவள்.
காலையில் சோளமாவு அளப்பதும் நான்தான்.
நூற்று இருபத்தாறு பிள்ளைகள்.
அப்பா: இல்லை. அம்மா: இல்லை.
சித்தி: இருக்கிறாள், இருமுகிறாள்.
இருமலுக்குக் கட்டம் கிடையாது.
மற்றதையெல்லாம் டிக் அடித்து
ஜனவரிதோறும் கடல் தாண்டி அனுப்புவேன்.

கசொண்டேக்கு அப்போது ஏழு வயது.
மீன் சந்தைக்கு ஐஸ் கொண்டுவரும் லாரியை
ஓட்டுவேன் என்றான்.
மன்சாவிலிருந்து வரும் நீல லாரி,
வழிநெடுகச் சொட்டிக்கொண்டே வரும்,
அந்த ஈரக்கோட்டின்மேல் வெறுங்காலோடு நடந்தால்
குளிரும் டீச்சர், என்றான்.

நான் டாக்டர் என்று எழுதினேன்.

முந்தின வருஷம் தையற்காரி என்று எழுதிய முசொண்டாவை
யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.
பைலட்டுகளும் நர்சுகளும் மார்ச்சுக்குள் போய்விட்டார்கள்.
ஒன்பதாம் கட்டளை எனக்கும் தெரியும்.
எட்டாம் வகுப்புக்குச் சீருடை, காலணி, விடுதி
என்ன விலை என்பதும் தெரியும்.

ஜூலைக் குளிரில் வந்தார்கள், பதினான்கு பேர்,
ஒரே நிறச் சட்டையில்.
பாட்டு, ஜெபம், பலூன்.
சுவரில் நோவாவின் பேழை வரைந்தார்கள்;
யானைக்கு இளஞ்சிவப்பு பூசியபோது
பிள்ளைகள் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தார்கள்.

வேனிலிருந்து கடைசியாக இறங்கியவர் வெர்னன்.
பெரிய கைகள். நகக்கண்ணில்
எத்தனை கழுவினாலும் போகாத கறுப்பு.
நான்கு வருஷமாக மாதம் தவறாமல்
கசொண்டேயின் பெயருக்குப் பணம் அனுப்பியவர்.
பையிலிருந்து ஒரு ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.
பொம்மையல்ல, நிஜம்.
"வருங்கால டாக்டருக்கு" என்றார்.
மொழிபெயர்க்க வேண்டியவள் நான்.
பெம்பாவில் சொன்னேன்:
"உனக்கு ஒரு பரிசு."

காதில் மாட்டிக்கொண்டு ஓடினான் பையன்,
வாசல் தாண்டி, மணல் தாண்டி, சந்தைக்கு.
நீல லாரி என்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது.
டிரைவர் திட்டுவதற்குள்
வட்டத் தகட்டை பானட்டின்மேல் வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டான்.

மூச்சிரைக்கப் பின்னால் வந்தோம்.
"ஒன்று மட்டும் தாமதமாக அடிக்கிறது டீச்சர்."
சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன்,
அன்று முதல்முறையாக.
வெர்னன் குனிந்து குழாயை வாங்கிக் கேட்டார்.
"இன்ஜெக்டர்" என்றார். "மூன்றாவது."
முப்பத்தொரு வருஷம்
பள்ளிப் பேருந்துகளின் என்ஜின் பார்த்தவராம்.
அவருக்காக எழுதி வந்த படிவத்தில் அது இருந்தது.
நான் படிக்கவில்லை.

அங்கேயே சொல்லிவிட்டேன்,
மீன்செதில் ஒட்டிய சிமெண்டுத் தரையில் நின்று.
டாக்டர் என்னுடைய வார்த்தை என்று.
கடிதங்களிலும் பாதி என்னுடையதுதான் என்று.
"எந்தப் பாதி?" என்று கேட்டார்.
இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
பதிலும் கிடைக்கவில்லை.

இரவு சாட்சி சொல்லும் நேரத்தில்
எல்லோரும் எழுந்தார்கள், கண் கலங்கினார்கள்.
அவர் நாற்காலியிலேயே இருந்தார்,
ஒரு ஸ்க்ரூவைத் திருகுவது போல
கட்டைவிரலைச் சுழற்றிக்கொண்டு.
வியாழனன்று போய்விட்டார்கள்.
ஆகஸ்ட்டுப் பணம் வந்தது. செப்டம்பர் வரவில்லை.
அக்டோபரில் இரண்டும் சேர்ந்து வந்தது,
ஒரு கடுதாசியும் இல்லாமல்.
வங்கித் தாமதம் என்கிறார் பாஸ்டர் கபாஷா.
இருக்கலாம்.

இப்போது மறுபடி ஜனவரி. மழை.
கசொண்டேயின் கட்டத்தில் ஐஸ் லாரி என்று
கொஞ்சம் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறேன்.
அடுத்த நாற்காலியில் புதுப்பிள்ளை, புவால்யா, எட்டு வயது.
என்ன ஆக வேண்டும் உனக்கு?
டாக்டர், என்கிறாள்.
நிஜமாகவா என்கிறேன்.
நிஜமாக.
மூன்றாம் தரம் கேட்டபோது அழுதுவிட்டாள்.
பேனா மூடியைத் திறந்தபடி
நான் உட்கார்ந்திருக்கிறேன்.