பதினான்கு பேருக்கு ஒரு மேசை

வியாழன் ஆறு மணிக்கு என்றேன்.
ஆறரை என்றாள் மெரிகே, பையனுக்கு நீச்சல் வகுப்பாம்.
வெள்ளி என்றார் தைவோ.
வெள்ளி என்றால் லெம்பித் மாமியாரைப் பார்க்க
வால்காவுக்கு ரயில் ஏறிவிடுவார்.
ஒரு பீர் குடிக்க நாள் குறிப்பதற்குள்
ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்திருக்கலாம்.

தார்த்து நகரில் நவம்பர்.
மூன்றரைக்கே விளக்குப் போட்டாகிவிடும்.
எமாயோகி ஆற்றின் மேல்
மழையா பனியா என்று தீர்மானிக்காத ஒன்று
பெய்துகொண்டே இருக்கும்.
எங்கள் குடிநீர் அலுவலகத்தில்
ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது
எங்காவது குழாய் வெடித்தால்தான்.
அதனால் வந்த யோசனை இது.
இதற்குமுன் நான் எதையும் ஏற்பாடு செய்தவளில்லை.

பாருக்கு நேரிலேயே போய்ச் சொன்னேன்.
கல்லாவில் ரைவோ. "எத்தனை பேர்?"
பதினான்கு.
"வருகிறவர்களா, வருகிறேன் என்றவர்களா?"
யோசித்துப் பத்து என்றேன்.
அவர் எட்டு என்று எழுதிக்கொண்டார்.
மேசை மட்டும் பெரியதாகவே வேண்டும் என்று
பிடிவாதம் பிடித்தேன்.

என் தொலைபேசியில் ஊர்மாஸ் இரண்டு.
ஒருவர் கணக்குப் பிரிவு.
இன்னொருவர், இரண்டு வருஷம் முன்பு
ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.
அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான்.
"வருந்துகிறோம்" என்ற சொல்லில் ஓர் எழுத்துப்பிழை,
அதையும் நான்தான் திருத்தினேன்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது
கதவைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக அவர்.
இஸ்திரி போட்ட சட்டை.
மழித்த தாடையில் ஒரு சிறு வெட்டு,
அதன்மேல் ஒட்டியபடி மறந்துபோன காகிதத் துணுக்கு.
"என் ஞாபகம் இருந்ததே உங்களுக்கு" என்றார்.

பதினான்கு நாற்காலிகள். நாங்கள் இருவர்.
வாயில் ஒரு பொய் வந்து நின்றது,
பின்னாலேயே உண்மையும்.
இரண்டையும் சேர்த்து விழுங்க
ஒரு மிடறு பீர் போதுமானதாக இருந்தது.

அவர் ஆப்பிள் ரசம் கேட்டார்.
பதினொரு மணிக்கு வண்டி எடுக்க வேண்டுமாம்,
சாலையில் உறைபனி பிடிக்காமல் உப்புத் தூவும் வண்டி.
"இந்த ஊருக்கே உப்பிடுகிறேன் இப்போது."
சிரித்தார். நான் தட்டைப் பார்த்தேன்.
பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டி,
விரலெல்லாம் எண்ணெய்.

பிறகு மெரிகே வந்தாள், ஈரத்தலையோடு பையனும்.
லெம்பித் வந்தார். இன்னும் இரண்டு பேர்.
தைவோ வரவில்லை, வெள்ளி கேட்டவர் வியாழன் வரமாட்டார்.
யாரும் ஊர்மாஸிடம் எப்படி வந்தீர்கள் என்று கேட்கவில்லை.
பையன்தான் தாடையைக் காட்டி
"உங்கள் மேல் காகிதம்" என்றான்.
அவர் எடுத்துப் பார்த்து,
சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

எழுந்தபோது மேசை முழுவதற்குமாகக் கேட்டார்,
"அடுத்தது எப்போது?"
அதைத்தான் நான் யோசிக்கவே இல்லை.
டிசம்பர் என்றாள் மெரிகே, நீச்சல் இல்லாத வாரம்.
கல்லாவிலிருந்தே ரைவோ ஒன்பது என்று எழுதினார்.

மறுநாள் காப்பி இயந்திரத்தருகே கணக்கு ஊர்மாஸ்.
"நேற்று எல்லோரும் எங்கோ போனீர்களாமே,
எனக்கு ஒன்றும் வரவில்லையே?"
வந்திருக்குமே என்றேன்.
தொலைபேசியைத் திறந்து பார்த்தேன்.
இரண்டு ஊர்மாஸும் அடுத்தடுத்து இருந்தார்கள்.
மூடி வைத்தேன்.