ஐந்தரை கிராம்

ரிகா நகரில், டிராம் நிறுத்தத்துக்கு மேலே
மூன்றாம் மாடியில்
நாங்கள் மூவர்: விஸ்மா, அன்சிஸ், நான்.
உலகத்து ஆய்வு நிறுவனங்களுக்கு
எண் கொடுப்பது வேலை.
ஒரே பெயரில் நாலு கழகங்கள் இருந்தாலும்
கட்டுரையும் பணமும்
வழி தவறாமல் வீடு சேர
ஓர் எண். அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்துக்கு உண்டு.
அதன் துறைக்கு இல்லை.
விதிப்புத்தகத்தில் இது ஒரே வரி.
அந்த வரிக்காக நாங்கள் குடித்த காப்பியைக் கொட்டினால்
டௌகாவா ஆறு ஒரு விரற்கடை ஏறும்.

துறைக்குக் கொடுத்தால் பிரிவு வரும்,
பிரிவுக்குப் பின்னால் ஆய்வகம்,
அதற்கும் பின்னால்
நான்காம் அறையின் உறைபெட்டி
வரிசையில் வந்து நிற்கும்.
(நின்றது. போன மார்ச்சில், லீல் நகரிலிருந்து.
மிக மரியாதையான கடிதம்.)

கொடுக்காவிட்டாலோ
நாலாயிரம் பேர் ஒரே குடைக்குள்.
இதய நோயும் மீன்பண்ணையும்
ஒரே எண்ணில் தோள் உரசும்.

செப்டம்பரில் ஒரு விண்ணப்பம்.
வளைகுடாக் கரையில்
பறவைக்கு வளையமிடும் நிலையம்.
ஊழியர் இருவர். வலை பதினாறு.
அடுப்பு ஒன்று, ‘புகையும்’ என்று குறிப்பு.
தாய் நிறுவனம் என்ற கட்டத்தில்
மூன்று பெயர்கள்; இரண்டு அடிக்கப்பட்டவை.
அகாதமி கலைந்தது, கழகம் இணைந்தது,
இப்போது
புலத்தின் துறையின் பிரிவின் நிலையம்.
ஆறாம் வேற்றுமையிலேயே
ஆயுள் கழிகிறது அதற்கு.

தாய் மூன்று முறை மாறியும்
பிள்ளை அதே மணல்மேட்டில்.

நேரில் போனேன்.
விதியில் அதற்கு இடமில்லை, தடையும் இல்லை.
அக்டோபர், வடமேற்குக் காற்று.
விரல்நுனி வெட்டிய கையுறையோடு மிர்த்ஸா
வலையிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தாள்.
உச்சியில் மஞ்சள் கோடு.
தராசில் ஐந்தரை கிராம்.
‘உங்கள் படிவத்தில் ஒரு தாள்’ என்றாள்.
குறடால் ஓர் அழுத்து, காலில் வளையம்.
அவள் எண்ணைப் படிக்க
உள்ளே யாரோ எழுதினார்கள்.

‘கூட்டத்துக்கு ஒரே எண் போதாதா?’

‘இரவில் எல்லாம் கலந்து வரும்.
அதில் ஒன்று வராமல் போனது
எனக்கு எப்படித் தெரியும்?’

‘அப்படியானால் இறகுக்கு?’

சிரித்தாள். ‘இறகு தானாகப் பறக்காது.’
கையைத் திறந்தாள்.

திரும்பி வந்து, அந்த வரியின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
தானாகப் பறக்குமா?

அன்சிஸ் பார்த்தான்.
‘மின்கட்டணம் யார் கட்டுவது?’
பல்கலைக்கழகம்.
‘வலை?’
பல்கலைக்கழகம்.
‘பிறகென்ன தானாக.’
விஸ்மா சொன்னாள்: ‘பறவைக்கும்
காற்று இரவல்தான்.’
அன்றைக்கு யாரும் வாக்களிக்கவில்லை.

பிப்ரவரியில்
ஓஸ்டெண்ட் நகரத்துப் பல்மருத்துவர் ஒருவர்
பால்கனியில் ஒரு சிறிய உடலைக் கண்டு
வளைய எண்ணை எழுதி அனுப்பினார்.
எங்கள் பதிவேட்டில் பார்த்த முகவரிக்கு.
கடிதம் தலைமையகம் போனது,
அங்கிருந்து கணக்குப் பிரிவு,
அங்கே ஒன்பது வாரம்
‘வசூலாகாதவை’ கோப்பில்.

அந்தப் பறவை எங்கே போனது என்று
மணல்மேட்டில் தெரிந்தபோது ஏப்ரல்.
அடுத்த கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

இரண்டுக்கு ஒன்று. கையெழுத்திட்டேன்.
அன்சிஸ் தன் மறுப்பை
அழகான எழுத்தில் பதிந்து வைத்தான்;
அதில் தவறொன்றும் இல்லை.

பென்சில் வரியை
இன்னும் மையால் எழுதவில்லை நான்.
லீல் உறைபெட்டிக்குப் பதிலும்.