மேல்மாடியின் தண்ணீர்

மோங்குவில் ஒரே கட்டடம்தான்.
மேலே வரி அலுவலகம்.
கீழே நாங்கள், கிராமக் குடிநீர்த் துறை.

மின்சாரம் போனால்
மூன்று எண்ணுவதற்குள் மேலே
ஜெனரேட்டர் உறுமுகிறது.
அதன் வயர் கீழே இறங்குவதில்லை.
மேலே இருக்கும் லிஷோம்வா என்னோடு படித்தவன்,
கணக்குப் பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவன்.
இன்று அவன் கணக்கு
ஒரு குவாச்சா பிசகுவதில்லை.
பிசகினால் பொழுது சாய்வதற்குள்
லுசாகாவிலிருந்து போன் வரும்.

எங்கள் போனும் வேலை செய்கிறது.
நாலு வருடம் தூங்கும்,
ஐந்தாம் வருடம் தூங்கவிடாது.

போன ஜூலையில் எம்.பி. இறந்து இடைத்தேர்தல்.
ஆணியில் துருப்பிடித்த சாவிக்கு
டீசல் பிறந்தது.
எந்த ஊர்ப் பெண்கள்
எத்தனை கிலோமீட்டர் நடக்கிறார்கள் என்று
ஏழு வருடமாகக் குறித்த வரைபடத்தை
நலிஷெபோ எடுத்து நீட்டினாள்.
வந்தவர் பிரித்துப் பார்க்கவில்லை.
அவரிடம் வேறொன்று இருந்தது,
தூரத்தை ஓட்டில் அளந்தது.

மணலில் அறுபது மீட்டர் இறங்கினோம்.
தண்ணீர் வந்தது. பொய் சொல்லமாட்டேன்,
கலங்கல் போய்த் தெளிந்தபோது
நானும்தான் கை தட்டினேன்.

நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்கள்.
அடுத்த திங்கட்கிழமை உத்தரவு:
அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றி வரவும்.
காரணம், பராமரிப்பு.
கழற்றியவன் நான்.
மஞ்சள் கேனோடு ஒருத்தி வரிசையில் நின்றாள்.
ஸ்பானர் நழுவி விழுந்ததும்
மண் தட்டி
என் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு ஓர் ஆலோசகர் வந்தார்.
எங்களுக்குத் திறன் போதவில்லையாம்.
மூன்று நாள் பட்டறை, மதியம் கோழி,
கடைசியில் சான்றிதழ்.
என்னுடையது சுவரில் மாட்டியிருக்கிறது.
கைப்பிடி மேசைக்கடியில்.
உட்காரும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கிறது,
நகர்த்தி வைக்கவில்லை.

இது அக்டோபர்.
மேல்மாடியின் ஏசி
எங்கள் கூரை வழியே சொட்டுகிறது.
நலிஷெபோ வாளி வைத்திருக்கிறாள்.
மதியத்துக்குள் முக்கால் வாளி,
டீக் கோப்பைகள் கழுவப் போதும்.

நேற்றுக் கவனித்தேன்:
அவள் வரைபடத்தில்
எங்கள் அலுவலகத்தின் மேல்
புதிதாய் ஒரு நீலப்புள்ளி.
ஓரத்தில், அவள் கையெழுத்தில்,
தவறாமல் இயங்குகிறது.